நான்கு மணிக்குப் பசித்தால், ஒரு மணிச் சாப்பாடு செரித்துவிட்டது என்று அர்த்தமா?

கேள்வி இதுதான்: மதியம் ஒரு மணிக்கு வயிறாரச் சாப்பிட்டாலும் நான்கு, நான்கரை மணிக்கெல்லாம் மறுபடியும் பசிக்கிறது. அப்படியானால் சாப்பாடு முழுவதும் செரித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? கூடவே இரண்டு உபகேள்விகள்: சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் செரிமானம் கெடுமா? சாப்பாட்டுக்குப் பிறகு பழம் சாப்பிட்டால் அது வயிற்றிலேயே கிடந்து அழுகிப்போகுமா?

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. நீங்கள் மாலைத் தேநீருக்கு எழும் நேரத்தில், மதியம் சாப்பிட்டதில் பெரும்பகுதி அப்போதுதான் சிறுகுடலுக்குள் இறங்கியிருக்கும். செரிமானத்தின் முக்கியமான வேலை அங்கேதான் நடக்கிறது. காலியானது இரைப்பை மட்டுமே. இரைப்பை காலியாவது வேறு, சாப்பாடு செரிப்பது வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

குழப்பத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம். 'வயிறு' என்ற ஒரே சொல்லை விலா எலும்புக்குக் கீழே இருக்கும் முழுப் பகுதிக்கும் சொல்கிறோம், உள்ளே இருக்கும் அந்த ஒரு பைக்கும் சொல்கிறோம். செவிலியர் மாணவிகளுக்குப் பல ஆண்டுகள் உடலியங்கியல் நடத்தியவன் நான். முதல் வகுப்பில் "செரிமானம் எங்கே நடக்கிறது? தொட்டுக் காட்டுங்கள்" என்பேன். எல்லோரும் தொப்புளைச் சுற்றித் தடவிக் காட்டுவார்கள். இரைப்பை அங்கே இல்லை, இன்னும் மேலே, இடப்பக்க விலா எலும்புகளின் அடியில் ஒதுங்கியிருக்கிறது. தொப்புளைச் சுற்றி இருப்பது சிறுகுடல். ஆக, இரைப்பையை நினைத்துக்கொண்டு கை வைத்தவர்கள் தெரியாமலேயே சரியான விடையைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். இந்தப் பதிலில் பையைச் சொல்லும்போது இரைப்பை என்றே எழுதுகிறேன்.

சரி, ஒரு மணிச் சாப்பாட்டின் பின்னாலேயே போவோம். இலையில் சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், ஓர் அவித்த முட்டை, கடைசியில் தயிர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முதல் கவளத்துக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அடுக்களையில் கடுகு வெடிக்கும் சத்தமும் கறிவேப்பிலை வாசனையும் வந்ததுமே வாய் ஊறுகிறது, இரைப்பையிலும் அமிலம் சுரக்கத் தொடங்குகிறது. ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் இதை நாய்களிடம் விரிவாக ஆராய்ந்தார். மணியோசையும் நாயும்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டன. ஆனால் 1904இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானச் சுரப்பிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக.

நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. அதில் இருக்கும் அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை வெட்டத் தொடங்கும். வகுப்பில் ஒரு பிடி வெறுஞ்சோற்றைக் கொடுத்து, விழுங்காமல் இரண்டு நிமிடம் மெல்லச் சொல்வேன். பாதிப் பேர் பழக்கத்தில் விழுங்கிவிடுவார்கள். மீதிப் பேரின் முகத்தில் ஒரு நிமிடம் கழித்து ஆச்சரியம் தெரியும். உப்பும் இல்லாத அந்தச் சோறு மெல்லிய இனிப்பாக மாறியிருக்கும். மாவுச்சத்து உடைந்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரை வந்துவிட்டது. நொறுங்கத் தின்றால் நூறு வயது என்பதில் நூறு வயதுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். நொறுங்கத் தின்னச் சொன்னது சரிதான். துண்டு சிறிதாகச் சிறிதாக, நொதி படும் பரப்பு கூடுகிறது.

விழுங்குவது ஒரு நொடி வேலைதான், ஆனால் நுணுக்கமான வேலை. காற்றுக்கும் சோற்றுக்கும் தொண்டையில் ஒரே முற்றம். கவளம் வரும்போது குரல்வளை மேலெழும்ப, அதன் மூடி சாய்ந்து காற்றுக்குழாயின் வாயை மறைக்கிறது, மூச்சும் அந்தக் கணம் நின்றுவிடுகிறது. பேசிக்கொண்டே சாப்பிட்டால் இந்த ஒழுங்கு தவறிப் புரையேறும். யாரோ நினைக்கிறார்கள் என்று தலையில் தட்டுவார்கள். நினைத்தவர் மேல் பழியில்லை, அது குரல்வளை மூடியின் தாமதம். அதற்குப் பிறகு 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாய். கவளம் அதில் சும்மா விழுவதில்லை. பின்னாலிருந்து தசை இறுகி, முன்னால் தளர்ந்து, அலை அலையாகப் பிதுக்கித் தள்ளுகிறது. பத்து நொடிக்குள் கீழே போய்விடும். தலைகீழாக நின்று விழுங்கினாலும் போகும். கீழ்முனையில் ஒரு சுருக்குத்தசை வாசல் காக்கிறது. அது தளர்ந்துவிட்டால் அமிலம் மேலே ஏறும். எதுக்களித்தல் என்று நாம் சொல்வது அதைத்தான்.

இனி இரைப்பை. வெறுமையாக இருக்கும்போது சுருங்கிக் கிடக்கும் இந்தப் பை, சாப்பாடு வர வரத் தளர்ந்து கொடுத்து ஒன்று, ஒன்றரை லிட்டர் வரை ஏற்றுக்கொள்ளும். உள்ளே சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அமிலத்தன்மை பிஹெச் 1.5 முதல் 3.5 வரை இருக்கும், எலுமிச்சைச் சாற்றுக்கு ஏறக்குறைய நிகராக, சில நேரம் அதைவிடக் கடுமையாக. முட்டையின் புரதச்சுருள் இந்த அமிலத்தில் அவிழ்கிறது, பெப்சின் என்ற நொதி அதை வெட்டுகிறது. சோற்றோடு உள்ளே வந்த கிருமிகளில் பெரும்பாலானவை இங்கேயே முடிந்துபோகின்றன. இரைப்பை தன்னையே செரித்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி? உட்சுவரின் மேல் காரத்தன்மையுள்ள கோழைப்படலம் ஒன்று பூசியிருக்கிறது. அதற்கடியில் இருக்கும் மேற்பரப்புச் செல்களும் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிவிடுகின்றன. இந்தக் காப்பு உடைந்தால்தான் புண். மிளகாய்க் காரத்தையும் கவலையையும் குற்றம் சொல்லிவந்த காலத்தில், ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாதான் முக்கியக் காரணம் என்று காட்ட ஆஸ்திரேலிய மருத்துவர் பேரி மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்தார். இரைப்பை அழற்சி வந்தது, 2005இல் ராபின் வாரனோடு நோபல் பரிசும் வந்தது.

இரைப்பைக்குள் நடப்பதை நேரில், விரிவாகப் பார்த்த கதை பாவ்லோவுக்கும் முந்தியது. 1822 ஜூன் 6. அமெரிக்காவின் மெக்கினா தீவில் விலங்குகளின் ரோமத்தோலை விற்கும் கம்பெனி ஒன்றின் கடை. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடாக்காரப் படகோட்டியின் மேல் மிக அருகிலிருந்து ஒரு துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. விலாவுக்குக் கீழே பெரிய ஓட்டை. விடியும்வரை தாங்க மாட்டார் என்று நினைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். ஆனால் ஓட்டை மூடவில்லை. இரைப்பையின் ஓரம் தோலோடு ஒட்டி ஆறிப்போய், நிரந்தரமாக ஒரு ஜன்னல் நின்றுவிட்டது. சிகிச்சை செய்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்த ஜன்னலை விடவில்லை. 1825 முதல், பட்டு நூலில் மாட்டிறைச்சித் துண்டு, பன்றிக்கொழுப்பு, ரொட்டி, முட்டைக்கோஸ் எல்லாவற்றையும் கட்டி ஓட்டை வழியே உள்ளே இறக்குவார். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்ப்பார். முட்டைக்கோஸும் ரொட்டியும் பாதி கரைந்திருக்கும், இறைச்சி அப்படியே இருக்கும். மறுபடி உள்ளே விடுவார்.

இரைப்பைச் சாற்றை வெளியே எடுத்துக் குப்பியில் ஊற்றி, உடல்சூட்டில் வைத்து, அதிலும் இறைச்சியைப் போட்டுப் பார்த்தார். உடலுக்கு வெளியேயும் இறைச்சி கரைந்தது, ஆனால் மெதுவாக. செரிமானம் என்பது வெறும் அரைப்பு அல்ல, ரசாயன வேலை என்பதற்கு இது தெளிவான சான்று. செயின்ட் மார்ட்டின் கோபமாக இருந்த நாட்களில் செரிமானம் தடுமாறியதையும் குறித்துவைத்தார். பட்டு நூலோடு உட்கார்ந்திருக்கும் மருத்துவர்மேல் கோபம் வருவதற்கு அவருக்குக் காரணம் இல்லாமலில்லை. 1833இல் போமான்ட் தன் சோதனைகளைப் புத்தகமாக வெளியிட்டார். செயின்ட் மார்ட்டின் மருத்துவர் இறந்த பிறகும் 27 ஆண்டுகள், 1880 வரை வாழ்ந்தார். அவர் இறந்தபோது, உடலை யாரும் அறுத்துப் பார்த்துவிடக் கூடாது என்று குடும்பத்தார் அழுகும்வரை காத்திருந்துதான் அடக்கம் செய்தார்கள்.

போமான்ட்டின் ஜன்னல் இரைப்பையில் இருந்ததாலோ என்னவோ, செரிமானத்தின் புகழ் முழுவதும் இரைப்பைக்கே போய்விட்டது. என்னைக் கேட்டால் அது பாதிக்கு மேல் தகுதியில்லாத புகழ். இரைப்பை ஒரு கிடங்கு, ஒரு மாவரைக்கும் கல், ஒரு காவல்காரன். நிமிடத்துக்கு மூன்று முறை அதன் தசை அலை கீழ்நோக்கி ஓடி, சாப்பாட்டைச் சிறுகுடல் பக்க வாசலில் மோதித் திருப்பி அனுப்பி, கூழாக்குகிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குக் குறைவான துகள்கள்தான் வாசலைத் தாண்டும். அதுவும் சிறிது சிறிதாக, சிறுகுடல் தாங்கும் அளவுக்கு. சத்தை உறிஞ்சும் வேலை இங்கே அநேகமாக இல்லை. புற்றுநோய்க்காக இரைப்பையை முழுவதும் எடுத்துவிட்டவர்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட்டு, பி12 ஊசி போட்டுக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வாழ்கிறார்கள். பி12 ஊசி எதற்கென்றால், அந்த வைட்டமினை உறிஞ்சத் துணை செய்யும் ஒரு புரதம் இரைப்பையில்தான் சுரக்கிறது. ஆனால் சிறுகுடலை முழுவதும் இழந்தவர் வாயால் சாப்பிட்டு மட்டும் உயிர்வாழ முடியாது, ரத்தக்குழாய் வழியே சத்தை ஏற்றியாக வேண்டும்.

கிடங்கு எவ்வளவு நேரத்தில் காலியாகும் என்பது சரக்கைப் பொறுத்தது. வெறும் தண்ணீர் என்றால் பத்திருபது நிமிடத்தில் பாதி கடந்துவிடும். கலவையான சாப்பாட்டுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம், சில சமயம் கூடுதலாக. கொழுப்பு அதிகமானால் தாமதம். காலையில் நாலு இட்லி சாப்பிட்டவர் பதினோரு மணிக்குக் கடிகாரத்தைப் பார்ப்பதும், இரவு எண்ணெய் மினுங்கும் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டவர் மறுநாள் காலைவரை "ஒன்றும் வேண்டாம்" என்பதும் இதனால்தான்.

தண்ணீர்க் கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். சாப்பாட்டின் நடுவில் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துப்போய்ச் செரிமானம் நின்றுவிடும் என்பது இரைப்பையை ஒரு பாத்திரமாக நினைப்பதால் வரும் பயம். அமிலம் தேவைக்கேற்பச் சுரந்துகொண்டே இருக்கிறது, தண்ணீரோ காத்திருக்காமல் முன்னால் கடந்துவிடுகிறது. சாம்பாரும் ரசமும் பெரும்பாலும் தண்ணீர்தானே! எதுக்களிக்கும் தொல்லை இருப்பவர்கள் மட்டும் ஒரேயடியாக நிறையக் குடிக்காமல் இருப்பது நல்லது, பை நிறைந்தால் உணவுக்குழாய்ப் பக்க வாசல் தளரும்.

பழமும் அழுகாது. அழுகுவதற்குக் கிருமி வேண்டும், நேரம் வேண்டும். அந்த அமிலக் குளத்தில் இரண்டு மணி நேரத்தில் அழுகல் நடக்க வாய்ப்பில்லை. பழம் மற்ற சாப்பாட்டோடு சேர்ந்து கூழாகி நகர்ந்துவிடும்.

அப்படியானால் நான்கு மணிப் பசி எங்கிருந்து வருகிறது? இரைப்பை காலியாகக் காலியாக, அதன் சுவரிலிருந்து கிரெலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கூடி மூளைக்குப் பசியைச் சொல்கிறது. அதற்குப் பழக்கமும் தெரியும். தினமும் நான்கரைக்கு வடை சாப்பிடுகிறவருக்கு நான்கு மணிக்கே அது ஏறத் தொடங்கும். வயிற்றில் கேட்கும் கடமுடாச் சத்தம் தனிக்கதை. இரைப்பையும் சிறுகுடலும் காலியாக இருக்கும்போது, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு வலுவான அலை மேலிருந்து கீழ்வரை ஓடி, மிச்சம் மீதியையும் தங்கிய கிருமிகளையும் பெருங்குடல் பக்கம் பெருக்கித் தள்ளுகிறது. கடை சாத்திய பிறகு கூட்டிப் பெருக்குவது மாதிரி. காற்றும் நீரும் சேர்ந்து நகரும் அந்தச் சத்தம்தான் அலுவலகக் கூட்டத்தில் நம்மைச் சங்கடப்படுத்துகிறது. அடுத்த கவளம் உள்ளே போனதும் பெருக்கல் நின்றுவிடும்.

இப்போது பெரிய வேலைக்கு வருவோம். இரைப்பையிலிருந்து கூழ் வந்து விழும் இடம் முன்சிறுகுடல். சுமார் 25 சென்டிமீட்டர் நீளம், பன்னிரண்டு விரல்களைப் பக்கம் பக்கமாக வைத்த அளவு. இங்கே கல்லீரலிலிருந்தும் கணையத்திலிருந்தும் சாறு வந்து கலக்கிறது. அமிலக்கூழ் வந்துவிட்டது என்று கணையத்துக்கு யார் சொல்வது? நரம்புகள்தான் சொல்கின்றன என்று பாவ்லோவின் காலத்தில் நம்பினார்கள். 1902இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், நாயின் குடலில் ஒரு பகுதிக்குப் போகும் நரம்புகளை எல்லாம் வெட்டிவிட்டு அங்கே அமிலத்தை ஊற்றினார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் கணையம் சுரந்தது. உடனே அந்தக் குடலின் உட்சுவரைச் சுரண்டி, மணலோடும் அமிலத்தோடும் அரைத்து, வடிகட்டி, நாயின் ரத்தத்தில் ஏற்றினார்கள். கணையம் மறுபடியும் சுரந்தது. செய்தி ரத்தம் வழியாகப் போயிருக்கிறது! அந்தப் பொருளுக்கு சிக்ரீட்டின் என்று பெயரிட்டார்கள். 1905இல் இத்தகைய பொருள்களுக்கெல்லாம் பொதுப்பெயராக 'ஹார்மோன்' என்ற சொல்லை ஸ்டார்லிங் வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்று சர்க்கரை நோய், தைராய்டு என்று பேசும்போதெல்லாம் வாயில் வரும் அந்தச் சொல் குடலிலிருந்து பிறந்தது.

கணையச்சாறு நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் வரும். அதில் உள்ள காரம் அமிலத்தை அடக்கும், நொதிகள் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் வெட்டும். புரதம் வெட்டும் நொதிகளைக் கணையம் உறையிலிட்ட கத்தியாகத்தான் அனுப்புகிறது. குடலுக்கு வந்த பிறகே உறை கழலும். கணையத்துக்குள்ளேயே கழன்றுவிட்டால் அது தன்னையே அறுத்துக்கொள்ளும். கணைய அழற்சியில் வரும் அந்தத் தாங்க முடியாத வலி அப்படிப்பட்டது. பித்தப்பைக் கல்லும் மதுவும் அதற்கு முக்கியக் காரணங்கள்.

பித்தநீரில் கொழுப்பை வெட்டும் நொதி எதுவும் இல்லை. பிறகு எதற்கு? எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். தலையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் எண்ணெய் போகாது, சீயக்காய் போட்டால்தான் பிரிந்து கழுவிக்கொண்டு போகும். உருளைக்கிழங்கு வறுவலின் எண்ணெய்க்குப் பித்த உப்புகள்தான் சீயக்காய். பெரிய எண்ணெய்த் துளியைப் பொடித்துளிகளாகப் பிரித்து வைத்தால், கணையத்தின் லிப்பேஸ் என்ற நொதி வந்து வெட்டும். உடம்பு இந்தச் சீயக்காயை வீணாக்குவதில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 95 சதவீதம் போலத் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கு அனுப்பிவிடுகிறது.

பிறகு உறிஞ்சல். சிறுகுடலின் உட்சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கும், மடிப்பின் மேல் விரல் போன்ற குடலுறிஞ்சிகள், ஒவ்வொரு உறிஞ்சியின் செல்களின் மேலும் இன்னும் நுண்ணிய விரல்கள். இறைச்சிக்கடையில் ஆட்டுப் போட்டி (குடலும் இரைப்பையும்) வாங்கிக் கழுவியவர்கள், பூத்துவாலை மாதிரி சொரசொரவென்று இருக்கும் அந்தப் பகுதியைப் பார்த்து "இதுதானே உறிஞ்சி" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அல்ல, அது ஆட்டின் அசைபோடும் முதல் இரைப்பை. மனிதச் சிறுகுடலின் உறிஞ்சிகள் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, கண்ணுக்கு வெல்வெட் துணி போலத்தான் தெரியும். எல்லாவற்றையும் விரித்தால் டென்னிஸ் மைதான அளவு என்று பாடப்புத்தகங்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன, நானும் சொல்லிக்கொடுத்தேன். 2014இல் ஸ்வீடனில் மீண்டும் அளந்து பார்த்தவர்கள் மொத்தச் செரிமானப் பாதையும் 30 முதல் 40 சதுர மீட்டர்தான், பாதி பேட்மிண்டன் மைதானம், என்று குறைத்துவிட்டார்கள். அதுவும் ஒரு வயிற்றுக்குள் அடங்கியிருப்பதற்குக் குறைவில்லைதான்.

மாவுச்சத்தின் கடைசி வெட்டு இந்த நுண்விரல்களின் நுனியில் நடக்கிறது. பால் சர்க்கரையை வெட்டும் லாக்டேஸ் நொதியும் அங்கேதான் இருக்கிறது. குழந்தைப் பருவம் தாண்டினால் பலருக்கும் இது குறைந்துவிடும், நம் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். பால் குடித்தால் வயிறு உப்பும் ஒருவருக்குத் தயிர் ஒத்துக்கொள்வது இதனால்தான். தயிராகும்போதே பாக்டீரியாக்கள் பால் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. சோற்றின் குளுக்கோஸும் முட்டையின் அமினோ அமிலமும் ரத்தத்தில் கலந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும். கொழுப்புக்கு மட்டும் வேறு பாதை. அது நிணநீர்க் குழாய்களில் ஏறி, மார்பு வழியே போய், இடத் தோளருகே ரத்தத்தில் கலக்கிறது.

தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால்தான் சிறுகுடலின் உழைப்பு புரியும். ஒரு நாளில் நாம் குடிப்பது இரண்டு லிட்டர். உமிழ்நீர், இரைப்பைச்சாறு, பித்தம், கணையச்சாறு, குடல்சாறு என்று உடம்பே ஊற்றுவது ஏழு லிட்டர். ஒன்பது லிட்டரில் மலத்தோடு வெளியேறுவது நூறு, இருநூறு மில்லிதான். மீதியில் பெரும்பங்கைச் சிறுகுடலே திரும்ப எடுத்துவிடுகிறது. காலராவில் இந்தக் கணக்குத் தலைகீழாகிறது. குடல் உறிஞ்சுவதற்குப் பதில் ஊற்றத் தொடங்கி, ஒரே நாளில் ஆள் வற்றிவிடுகிறார்.

ஆனால் காலராவிலும் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. குடல் செல்லில் குளுக்கோஸும் சோடியமும் ஜோடியாக மட்டுமே நுழையும் வாசல் அது. ஜோடி உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையோர ஊரான பன்கானின் அகதி முகாமில் காலரா பரவியது. ரத்தக்குழாயில் ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துகொண்டிருந்தன. மருத்துவர் திலீப் மகலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். முகாமில் சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கடையில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் இந்த ஒரு வாசலை நம்பித்தான் இருக்கிறது. பொட்டலம் கைக்குக் கிடைக்காத நேரத்தில், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடலாம். சர்க்கரையைக் கூட்டிப் போட்டால் பேதி அதிகமாகும், கை அளவு பார்த்துப் போடுவது ஆபத்து.

நம் ஒரு மணிச் சாப்பாடு சிறுகுடலைக் கடக்க மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். இரவு எட்டு, ஒன்பது மணிக்கு நீங்கள் அடுத்த வேளைக்கு உட்காரும்போது, மதியச் சாப்பாட்டின் வால் அப்போதுதான் பெருங்குடலுக்குள் நுழைந்துகொண்டிருக்கும்.

பெருங்குடல் ஒன்றரை மீட்டர்தான், ஆனால் அவசரமே இல்லாத இடம். பலருக்கு ஒரு நாளுக்கு மேல், சிலருக்கு இரண்டு நாள்வரை இங்கே தங்கல். மிச்சத் தண்ணீரும் உப்பும் வற்றும். கோடானுகோடி பாக்டீரியாக்கள் நமக்குச் செரிக்காததைத் தின்னும். நீங்கள் கேட்ட 'அழுகல்' என்று ஒன்று உண்டென்றால், அது இங்கே நடக்கும் இந்த நொதித்தல்தான். அது கெடுதலும் அல்ல. சாம்பாரின் பருப்பில் ரஃபினோஸ் போன்ற சில சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை வெட்டும் நொதி மனிதச் சிறுகுடலில் கிடையாது. முழுசாகக் கீழே வந்து பாக்டீரியாக்களுக்கு விருந்தாகின்றன, விருந்தின் விளைவு வாயு. கொண்டைக்கடலையை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இதில் ஒரு பங்கு குறையும். இதே விருந்தில் கிடைக்கும் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் செல்களின் முக்கிய எரிபொருள். சோறு ஆறும்போது அதன் மாவில் ஒரு பகுதி நொதிகளுக்கு எளிதில் வசப்படாதபடி இறுகிவிடும். அதுவும் கீழே வந்து இதே வேலைக்கு உதவும். பழையசோற்றைப் பற்றி இணையத்தில் உலவும் அதிசயங்களில் பாதியை நான் நம்புவதில்லை, இந்தப் பாதியை நம்புகிறேன்.

கடைசியில் வெளியேறுவதில் முக்கால்பங்கு தண்ணீர். திடப்பகுதியில் கணிசமான பங்கு பாக்டீரியாக்கள். அதன் பழுப்பு நிறம் பித்தநீரிலிருந்து, அதாவது பழைய ரத்தச் சிவப்பணுக்களின் நிறமியிலிருந்து வருகிறது. அதனால் நிறம் ஒரு செய்தி. பித்தக்குழாய் அடைபட்டால் சுண்ணாம்பு போல வெளுக்கும், இரைப்பையில் ரத்தம் கசிந்தால் தார் போலக் கறுத்துப் பிசுபிசுக்கும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடாமலேயே கறுத்தால் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். காலையில் ஒரு வாய் காபி இறங்கியதும் கழிப்பறை நினைவு வருவதற்கும் காரணம் உண்டு. இரைப்பை விரிந்தால் பெருங்குடல் அசையும்படி இரண்டுக்கும் இடையில் ஓர் அனிச்சைத் தொடர்பு இருக்கிறது. காபி வெளியே தள்ளுவது நேற்றைய, முந்தாநாளைய சாப்பாட்டை.

உங்கள் உடம்பின் சொந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள ஆசையிருந்தால் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒரு வாரம் மக்காச்சோளம் தொடாமல் இருங்கள். பிறகு ஒரு மதியம் வேகவைத்த கதிர் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு நேரத்தைக் குறித்துவையுங்கள். சோள மணியின் மேல்தோல் நம் நொதிகளுக்கு அசையாது, அப்படியே வெளியே வரும். முதல் மணி கண்ணில் படும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். என் வகுப்பில் இதைச் செய்து பார்த்தபோது ஒரு மாணவிக்கு மறுநாள் காலையிலேயே வந்துவிட்டது. பக்கத்து பெஞ்சுக்காரிக்கு மூன்றாம் நாள். இரண்டு பேருக்கும் நான்கு மணிக்குப் பசித்தது.